மடியில் படுத்த கிட்டார்

பழைய படப் பாடலின் இடையிசையில் ஒரு கிட்டார் ஒலி வழுக்கிக்கொண்டே மேலே போகும். உச்சியில் சற்று நடுங்கி நின்று, அப்படியே சறுக்கிக் கீழே வரும். நிலவொளிக் காட்சியோ கடற்கரைக் காட்சியோ, 1950களிலும் 60களிலும் இந்தியத் திரையிசைக்கு அந்த ஒலி தேவைப்பட்டது. ஹவாயன் கிட்டார் என்று பெயரைச் சொன்னாலே வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது காதில் ஒலிக்கத் தொடங்கிவிடும். அந்த ஒலியை நாம் நன்றாக அறிவோம். அது வந்த வழி நம்மில் பலருக்குத் தெரியாது.

அது மேடைக்காகப் பிறந்த ஒலியே இல்லை. ஹவாய்த் தீவுகளில் மாலையானால் உறவினரும் நண்பர்களும் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். கையில் இருப்பதை மீட்டுவார்கள், தெரிந்ததைப் பாடுவார்கள். முன்கூட்டி ஒத்திகை கிடையாது, கேட்கிறவர் வேறு வாசிக்கிறவர் வேறு என்ற பிரிவும் கிடையாது. அந்தக் கூடலைக் கனிகபிலா என்கிறார்கள். பசிபிக் பெருங்கடலின் நடுவே தொடங்கிய அந்த முற்றத்து இசை வங்காள விரிகுடா வரை வந்து சேர்ந்த கதையில் கப்பல்கள் உண்டு, மாடுகள் உண்டு, ஒரு ராஜா உண்டு, உலகப் போரும் உண்டு. கூடவே, நம் வடசென்னையின் மணலிக்கும் திருவொற்றியூருக்கும் ராயபுரத்துக்கும் அந்தத் தீவுகளோடு ஒரு பங்காளி உறவும் தெரியவருகிறது.

கதையை 1790களில் தொடங்கலாம். 1793-இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசாகக் கொண்டுவந்தார். அதுவரை அந்தத் தீவுகள் மாட்டைக் கண்டதில்லை. அவற்றைக் கொல்லக் கூடாது என்று மன்னர் தடை போட்டார். மாடுகள் பெருகின, காடேறின, விளைநிலங்களை மிதித்தன. ஒரு பரிசு ஊர்த் தொல்லையாக மாறியது. இசைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். அந்த மாடுகள் இல்லாமல் ஹவாயன் கிட்டாரே இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னைக்கு வடக்கே, இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் மணலியில், வேறொரு பரிசு வேலை செய்துகொண்டிருந்தது. ராமசாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்துவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு நெருங்கிய தொடர்புடைய முதலியார் குடும்பம், ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட ஐரோப்பிய பாண்டு இசையைக் கேட்கத் தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போனது. பிள்ளைகளில் ஒருவரான பாலுசாமி தீட்சிதருக்கு வயலின் மீது ஆசை பிறக்க, முதலியார் வீட்டார் ஒரு ஐரோப்பியரை ஆசிரியராக அமர்த்திக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த கதைகளில் பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். அண்ணன் முத்துசாமி தீட்சிதரோ, கேட்ட பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். இன்றும் இசை கற்கும் பிள்ளைகள் பாடும் நோட்டுஸ்வரங்கள் அவைதான். எல்லாம் சங்கராபரணத்தில் அமைந்தவை. கப்பலில் வந்த கருவியைப் பார்த்து மிரளாமல், நம் பாட்டுக்கு இது என்ன செய்யும் என்று கேட்ட கரை அது.

இனி 1830கள். காடேறிய மாடுகளை அடக்க ஆள் வேண்டுமென்று ஹவாய் அரசு கலிபோர்னியாவிலிருந்து மெக்சிகோ மாட்டுக்காரர்களை வரவழைத்தது. பகலில் சுருக்குக் கயிறு வீசக் கற்றுக்கொடுத்தவர்கள், இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கிட்டார் வாசித்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது சில கிட்டார்கள் தீவிலேயே தங்கிவிட்டன. அவற்றை ஸ்பானிய முறைப்படி வாசிக்க யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. ஹவாய்க்காரர்கள் தம் பாட்டுக்குத் தோதாகத் தந்திகளைத் தளர்த்தினார்கள். விரலால் எதையும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கும்படி சுருதி கூட்டினார்கள். ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு சுருதிமுறை வைத்துக்கொண்டது. பிறர் பார்த்துவிடாதபடி வாசித்து முடித்ததும் தந்திகளைக் கலைத்துவைப்பவர்களும் இருந்தார்கள்.

அதே 1830களின் இறுதிவாக்கில் திருவொற்றியூரில் இன்னொரு கூடல் நடந்தது. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் தம் குருவைத் தம் ஊருக்கு அழைத்துவந்தார். அங்கே தங்கியிருந்தபோது தியாகராஜர் திரிபுரசுந்தரி அம்மன் மீது பாடிய ஐந்து கிருதிகளைத் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்கிறோம். சபாக்களும் நுழைவுச்சீட்டும் வருவதற்கு வெகுகாலம் முந்திய அந்த நாட்களில் நம் ஊரிலும் இசை வாழ்ந்தது வீட்டுக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும்தான்.

அடுத்த கப்பலின் பெயர் ரேவன்ஸ்க்ராக். போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக 400-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் கடலில் மிதந்து, 1879 ஆகஸ்ட் 23 அன்று அது ஹொனலூலுவை அடைந்தது. கரை சேர்ந்த மகிழ்ச்சியில் ஜோவாவ் பெர்னாந்தஸ் என்ற பயணி நண்பரின் கைக்கடக்கமான நாலு தந்திக் கருவியை வாங்கித் துறைமுகத்திலேயே பாடத் தொடங்கினார் என்பார்கள். அந்தக் கருவி மதேராவின் மஷேட். அதே கப்பலில் வந்த தச்சர்கள் மூவர், மனுவேல் நூனஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டு சாந்தோ, தோட்டக் கூலியை முடித்துவிட்டு ஹொனலூலுவில் பட்டறை போட்டார்கள். உள்ளூர்க் கோவா மரத்தில் அவர்கள் செய்த சிறு கருவிதான் யுகுலேலே. முற்றத்துக் கூடலுக்குத் தாளம் பிடிக்க ஆள் கிடைத்தாயிற்று.

யுகுலேலேயை அரண்மனைக்குள் கொண்டுபோனவர் மன்னர் கலாகாவா. அவரே பாடல் புனைந்தவர், கருவி வாசித்தவர். 1881-இல் அவர் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். உலகம் சுற்றிய முதல் மன்னர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்தப் பயணத்தில் கல்கத்தாவில் இறங்கி, ரயிலில் பம்பாய் போய், மேற்கே கப்பலேறினார். அதே ஆண்டு நவம்பரில், ஏறக்குறைய கட்டி முடிந்திருந்த சென்னைத் துறைமுகத்தைப் புயல் சிதைத்துப் போட்டது. அது முழு வலிமை பெற 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வரவேண்டியிருந்தது. கிழக்குக் கரையில் பெரிய ஹோட்டல்களும் நாடகக் கொட்டகைகளும் வெளிநாட்டுக் குழுக்களும் கல்கத்தாவில்தான் திரண்டன. பின்னாளில் ஹவாய் இசை எங்கே நங்கூரம் போடும் என்பதை இதுவும் முடிவு செய்தது.

இப்போது கதையின் நடுநாயகம் வருகிறார். ஜோசப் கெகுகு, 1874-இல் ஓவாஹு தீவின் லாயியே கிராமத்தில் பிறந்தவர். சிறுவன் கெகுகு ரயில் பாதையோரம் கிடந்த போல்ட் ஒன்றை எடுத்துக் கிட்டார்த் தந்தியில் உரசிப் பார்த்தான் என்பது ஒரு கதை. சட்டைப் பையிலிருந்த சீப்பு தந்தி மேல் விழுந்து ஒலி எழுப்பியது என்பது இன்னொரு கதை. எப்படியோ, 1889 வாக்கில் ஹொனலூலுவின் கமேஹமேஹா பள்ளியில் படித்தபோது அவர் கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, எஃகுத் துண்டைத் தந்தி மேல் வழுக்கி வாசிக்கும் முறையை ஒழுங்கு செய்தார். பள்ளியின் பட்டறையில் எஃகுத் துண்டைத் தானே வடித்துக்கொண்டார். சக மாணவர்கள் சூழ்ந்து பார்த்தார்கள், விடுமுறைக்கு ஊர் போகும்போது வித்தையையும் கொண்டுபோனார்கள். தீவு முழுவதும் அது பரவியது இப்படித்தான்.

கெகுகுவுக்குப் போட்டியாக ஓர் இந்தியரும் இருக்கிறார். ஹவாயின் பழைய இசையை ஆராய்ந்து 1926-இல் நூல் வெளியிட்ட ஹெலன் ராபர்ட்ஸ், கேப்ரியல் டேவியன் என்பவரைப் பற்றித் தாம் கேட்டதைப் பதிவு செய்தார். இந்தியாவில் பிறந்து, ஒரு கப்பல் தலைவரால் கடத்தப்பட்டு, ஹொனலூலு வந்து சேர்ந்த அந்த இளைஞர் 1880களின் நடுவிலேயே தந்தியில் வழுக்கி வாசித்தார் என்பது செய்தி. முதலில் யார் என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் தந்தி மேல் வழுக்கி வாசிப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரத்தில் சாரங்கதேவர் விவரிக்கும் ஒற்றைத் தந்தி வீணை அப்படித்தான் வாசிக்கப்பட்டது. தஞ்சைப் பகுதியில் திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்தியத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். அவர் வழியில் நாராயண அய்யங்காரும், பிறகு பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார்கள். மெட்டுகள் இல்லாத இந்த வீணையில் கருங்காலிக் கட்டை வழுக்கியபோது எழுந்த அதே குழைவு, உலகின் மறுமூலையில் மெட்டு வைத்த கிட்டாரில் எஃகு வழுக்கியபோதும் எழுந்தது.

ஹவாயின் அரசியல் அதன் இசையை வெளியே தள்ளியது. கலாகாவாவுக்குப் பின் அரியணை ஏறிய அவர் தங்கை லிலியுவோகலானி அரசியை, சர்க்கரைத் தோட்ட நலன்களோடு பிணைந்த குழு 1893-இல் கவிழ்த்தது. 1895-இல் அவரைச் சொந்த அரண்மனையிலேயே சிறை வைத்தார்கள். 1898-இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. உலகம் முழுக்கப் பிரியாவிடைப் பாடலாக அறியப்பட்ட ‘அலோஹா ஓயே’ இந்த அரசி இயற்றியது. நாடிழந்த ஒரு மக்களின் குரலைத்தான் உலகம் விடுமுறை இசையாகக் கேட்டது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

1904-இல் கெகுகு அமெரிக்கப் பெருநிலத்துக்குப் புறப்பட்டார். 1912-இல் நியூயார்க் மேடையேறிய ‘சொர்க்கத்துப் பறவை’ நாடகம் ஹவாய் இசைஞர்களைக் கூடவே அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சியில் ஹவாய் அரங்கின் முன் கூட்டம் மொய்த்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க இசைத்தட்டு விற்பனையில் ஹவாய்ப் பாடல்கள் முன்வரிசைக்கு வந்தன. நியூயார்க்கின் பாட்டுக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? தீவை நேரில் பார்த்திராதவர்கள் தென்னை, நிலா, அலை என்று போலி ஹவாய்ப் பாடல்களை எழுதிக் குவித்தார்கள். அந்தப் போலிகளையும் ஹவாய்க்காரர்கள் எடுத்துத் தம் முற்றத்தில் பாடி, தமதாக்கிக்கொண்டார்கள்.

இந்த மோகம் கருவிகளையே மாற்றியது. மடியில் படுத்த கிட்டாரின் ஒலி கூரையை நோக்கிப் போகும், வாத்தியக் குழுவுக்கு நடுவே காணாமல் போகும். அதற்கு மருந்தாக 1927 வாக்கில் உலோக உடல் கொண்ட நேஷனல் கிட்டார் வந்தது. 1932-இல் மின்காந்த முறையில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் கருவியை, பின்னர் ரிக்கன்பேக்கர் என்று பெயர்பெற்ற நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்த அதை அமெரிக்கர்கள் வாணலி என்றே கூப்பிட்டார்கள். வணிக அளவில் வெற்றி கண்ட முதல் மின் கிட்டார் அதுதான். அது ராக் இசைக்காகவோ ஜாஸுக்காகவோ செய்யப்பட்டதில்லை, ஹவாய் இசைக்காகச் செய்யப்பட்டது. இன்று ராயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் குழு மின் கிட்டாரைச் செருகி வாசித்தால், அந்த ஒயரின் மறுமுனை ஹவாயில் இருக்கிறது.

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் தம் யோடலிங் குரலோடு ஹவாய்க் கலைஞர்களின் எஃகு கிட்டாரையும் இசைத்தட்டில் சேர்த்து உலகுக்கு அனுப்பினார். ஆல்ப்ஸ் மலை இடையர்களின் குரல் வித்தையும் பசிபிக் தீவின் விரல் வித்தையும் ஒரே தட்டில் கடல் கடந்தன. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே. பி. சந்திரபாபு தமிழ்ப் படத்தில் யோடலிங் பாடியபோது அந்த உலகச் சுழற்சியின் ஓர் அலை நம்மையும் தொட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் கிங் சன்னி அடேயின் ஜுஜு இசைக் குழுவில் எஃகு கிட்டார் உட்கார்ந்தது. ஹாலந்திலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் உள்ளூர் ஆட்கள் மலர்மாலை போட்டுக்கொண்டு ஹவாய்க் குழு நடத்தினார்கள்.

இந்தியாவுக்கு அது கப்பல் வழி வந்தது. யுகுலேலே மேதை எர்னஸ்ட் காவாய் 1920களில் ஆசியத் துறைமுகங்களில் குழுவோடு சுற்றினார். 1928-இல் மேடம் ரிவியேர் என்பவரின் குழுவோடு ஓர் இளம் தம்பதி ஹவாயை விட்டுக் கிளம்பியது. டாவ் மோ, ரோஸ் மோ என்று பெயர். டாவ் சமோவாவில் பிறந்து லாயியேயில் வளர்ந்தவர். ஆம், கெகுகுவின் அதே கிராமம். 1929-இல் டோக்கியோவில் இசைத்தட்டுகள் பதிந்தார்கள். ஐரோப்பாவையும் மத்திய கிழக்கையும் சுற்றினார்கள். போர் மூண்டதும் வழி அடைபட்டது. 1941 வாக்கில் கல்கத்தாவில் தங்கி, 1947 வரை அங்கேயே இருந்தார்கள். நாடோடிக் கலைஞர்களைப் போர் ஓரிடத்தில் உட்கார வைத்தது. அந்த விபத்துதான் இந்தியாவின் ஹவாயன் கிட்டார் கதையைத் திருப்பியது.

போர்க்காலக் கல்கத்தா படைவீரர்களால் நிறைந்திருந்தது. கிராண்ட் ஹோட்டலில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் வாசித்தார். தம்தமில் எச்.எம்.வி.யின் இசைத்தட்டு ஆலை ஓடியது. அந்த ஊரில் டாவ் மோ மேடையில் வாசித்ததோடு நிற்காமல் கற்றும் கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் ஆங்கிலோ இந்தியரான கார்னி நிஸ். அவருடைய ‘அலோஹா பாய்ஸ்’ கல்கத்தா இளைஞர்கள் சேர்ந்த நண்பர் குழு. அகில இந்திய வானொலியில் வாசித்தார்கள், இசைத்தட்டு போட்டார்கள். ஹவாயைக் கண்ணால் காணாத நாலு பேர் கூடி ஹவாய்ப் பாட்டை ஊரறியச் செய்தார்கள்.

அதன் பிறகு ஹவாயன் கிட்டார் ஆங்கிலோ இந்தியர் வட்டத்தைத் தாண்டி வங்காளிக் குடும்பங்களுக்குள் போனது. சுஜித் நாத் போன்ற ஆசிரியர்கள் அதில் ரவீந்திர சங்கீதம் வாசித்தார்கள். கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அநிருத்தாவும் பட்டுக் நந்தியும் சுனில் கங்குலியும் அதை வீட்டுக்கு வீடு கேட்க வைத்தார்கள். பம்பாயில் வேன் ஷிப்லியும் ஹசாரா சிங்கும் படப் பாடல்களின் மெட்டை இந்தக் கிட்டாரில் வாசித்து வெளியிட்ட தட்டுகள் நாடெங்கும் சுழன்றன. பாட்டு இல்லாமலே பாட்டைக் கேட்க முடிந்தது, ஏனென்றால் அந்தக் கிட்டார் குரலைப் போலவே இழுத்துப் பாடியது.

அது ஏன் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சாதாரணக் கிட்டாரில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே மெட்டு என்ற குறுக்குக் கம்பி தடுப்பாக நிற்கும். ஸ்வரம் படிப்படியாகத்தான் ஏறும். ஹவாயன் கிட்டாரில் தந்திகளை மெட்டுக்கு எட்டாத உயரத்தில் தூக்கி வைப்பார்கள். இடது கையில் எஃகுத் துண்டு. அதைத் தந்தி மேல் அழுத்தக் கூடாது, படிய வைக்க வேண்டும். மெட்டுகள் வெறும் அடையாளக் கோடுகள். எஃகு அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நின்றால் சுருதி சேரும், ஒரு மயிரிழை தள்ளினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். வலது கையின் கட்டைவிரலிலும் மற்ற விரல்களிலும் நகங்கள் மாட்டி மீட்டுவார்கள், உள்ளங்கையின் ஓரத்தால் தேவையற்ற தந்திகளை அமர்த்துவார்கள். புகழ்பெற்ற ஒரு ஹவாய்ச் சுருதிமுறையை நம் கணக்கில் சொன்னால், தடித்த தந்தியிலிருந்து வரிசையாக ப, ஸ, ப, ஸ, க, ப. தம்புராவின் பஞ்சமமும் ஸட்ஜமும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, கூடவே அந்தர காந்தாரம். ஸட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்குத் தொடர்ச்சியாக வழுக்கினால் அது ஜாரு. ஒரே இடத்தில் எஃகை மெல்ல அசைத்தால் கம்பிதம். அன்றைய ஹவாய்ப் பாடல்கள் பலவும் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் நடந்தவை. கமகத்தில் ஊறிய காதுகள் இதை அந்நியமாக நினைக்கக் காரணமே இல்லை.

ராஜஸ்தானிலிருந்து கல்கத்தா வந்த பிரிஜ் பூஷண் காப்ரா அந்தக் கிட்டாரைக் கண்டு வீட்டுக்கு வாங்கிப் போனார். செவ்வியல் இசையை மட்டுமே வாசிப்பேன் என்று தந்தைக்கு வாக்குக் கொடுத்து, அலி அக்பர் கானிடம் கற்றார். 1967-இல் சிவகுமார் சர்மாவோடும் ஹரிபிரசாத் சௌரசியாவோடும் அவர் வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இன்றும் விற்கும் தொகுப்பு. ஜெய்ப்பூரின் விஸ்வமோகன் பட் கிட்டாரில் கூடுதலாகப் பக்க அதிர்வுத் தந்திகளைப் பொருத்தி மோகன வீணையாக்கினார். அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் ரை கூடருடன் வாசித்த தொகுப்புக்காக 1994-இல் கிராமி விருது பெற்றார். கல்கத்தாவின் தேவாசிஷ் பட்டாச்சார்யா சிறுவயதில் தந்தை கொடுத்த ஹவாயன் கிட்டாரிலிருந்து தொடங்கித் தமக்கென்றே புதிய வகைகளை வடிவமைத்தார். ஹவாயின் முற்றத்து விளையாட்டு இந்துஸ்தானி ஆலாபனையாக வளர்ந்து நின்றது.

இனி நம் வடசென்னை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ரயில்வேயும் துறைமுகமும் பல தரப்பு உழைப்பாளிகளை இங்கே கொண்டுவந்தன. ராயபுரம், பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிட்டாரையும் பியானோவையும் நடன இரவுகளையும் வளர்த்தன. மீனவக் குப்பங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் கானாப் பாட்டு வளர்ந்தது. 1940களின் இறுதியில் அசோக் லேலண்டாகப் பின்னர் பெயர்பெற்ற தொழிற்சாலையும், 1950களின் நடுவில் என்ஃபீல்டும் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வந்த பிறகு ஷிப்டு முடிந்து வரும் தோழர்களின் கூட்டமும் பெருகியது. டோலக் இருந்தால் டோலக், இல்லாவிட்டால் மேசைப் பலகை. ஒருவர் பாட, மற்றவர் எடுத்துக் கொடுக்க, அடுத்தவர் அங்கேயே அடி கட்டுவார். சாவு வீட்டின் இரவில் இறந்தவரின் வாழ்க்கையே பாட்டாகும். கானாவைக் கனிகபிலாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தயக்கம் இல்லை. இரண்டும் கடலோர உழைப்பாளிகளின் கூடல், இரண்டிலும் வாசலைத் தாண்டி யார் வந்தாலும் இடமுண்டு, இரண்டையும் பெரிய மேடைகள் வெகுகாலம் கீழாகப் பார்த்தன.

தமிழ்நாட்டுத் தெருக் கச்சேரிகளிலும் வீடுகளிலும் டிங் டிங் என்று ஒலித்த புல்புல் தாராவும் கடல் வழி வந்த விருந்தாளிதான். 1912-இல் ஜப்பானின் நகோயாவில் மொரிடா கோரோ தட்டச்சுப் பொறியின் விசைகளைத் தந்திக் கருவியோடு சேர்த்து தைஷோகோட்டோவைச் செய்தார். விலை குறைவு, கற்பது எளிது. கடல் கடந்து இந்தியாவுக்கு வந்ததும் அது உள்ளூர்ப் பெயர் பூண்டது. ஹவாயன் கிட்டாரைப் போலவே இதுவும் குருகுல வாசம் கேட்காமல், முதல் நாளிலேயே ஒரு படப் பாட்டை வாசிக்க விட்டது. தூரத்து ஊர்க் கருவிகள் வேரூன்றுவதன் ரகசியம் இதுதான் என்று நம்புகிறேன். மேதைகள் அவற்றை உயரத்துக்குக் கொண்டுபோகிறார்கள், ஆனால் கரையிறக்கி வீட்டுக்குள் அழைத்துவருகிறவர்கள் நண்பர் கூட்டங்கள்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறை மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், இசைக்கலைஞர் டென்மாவோடு சேர்ந்து உருவான குழு அது. கானாப் பாடகர்களும் பறையும் மின் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. ஹவாய் இசைக்காகப் பிறந்த மின் கிட்டார், வடசென்னையின் சொந்தப் பாட்டோடு சமமாக உட்கார்ந்து சாதிக்கு எதிராக ஒலித்தது. மணலியில் வயலினுக்குக் கிடைத்த வரவேற்பு முதலியார் வீட்டுக் கூடத்தில் கிடைத்தது. இந்த வரவேற்பு தெருவிலிருந்து வந்தது. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

டாவ் மோ, ரோஸ் மோ தம்பதி அரை நூற்றாண்டுக்கு மேல் உலகைச் சுற்றிவிட்டு லாயியேக்கே திரும்பினார்கள். 1980களில் அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் பாப் பிராஸ்மனின் இசைத்தட்டு கேட்டு டாவ் மோ கடிதம் எழுதினார். தாம் தேடித் தேடிக் கேட்ட பழைய தட்டுகளின் நாயகர் உயிரோடு இருக்கிறார் என்று பிராஸ்மன் அறிந்தது அப்போதுதான். அந்தக் கடிதத்திலிருந்து 1989-இல் ஒரு தொகுப்பு பிறந்தது. இளமையில் பாடிய பாடல்களை அந்தக் குடும்பம் மீண்டும் பாடியது. அதே பிராஸ்மன் பின்னர் தேவாசிஷ் பட்டாச்சார்யாவோடு சேர்ந்து ‘மகிமா’ என்ற தொகுப்பை 2003-இல் வெளியிட்டார். லாயியேயிலிருந்து கல்கத்தாவுக்குப் போன வித்தையின் இரண்டு முனைகளையும் ஒரே மனிதர் கைகோத்து வாசித்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கை பரபரக்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் பழைய கிட்டார் கிடந்தால் எடுங்கள். தடித்த முதல் இரண்டு தந்திகளையும் மெல்லிய கடைசித் தந்தியையும் இரண்டு மெட்டு அளவு இறக்குங்கள், நடு மூன்றும் இருந்தபடி இருக்கட்டும். ப, ஸ, ப, ஸ, க, ப வந்துவிடும். ஹவாய் முற்றங்கள் இன்றும் விரும்பும் சுருதி அது. தந்திகளைக் கழுத்தின் தலைப்பில் சற்று உயர்த்தும் சிறு உலோகக் கட்டையும் வழவழப்பான எஃகுத் துண்டும் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். கிட்டாரை மடியில் படுக்க வையுங்கள். மாயாமாளவகௌளையோ படப் பாட்டோ கானாவோ, தெரிந்ததில் தொடங்குங்கள். தனியாக வாசித்துப் பழகும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரை டோலக்கோடு கூப்பிடுங்கள், பாடத் தெரியாது என்பவரைக் கை தட்டச் சொல்லுங்கள். இந்த இசை உலகம் முழுக்கப் பரவியது அப்படி ஆரம்பித்துத்தான்.